கிளிப் மாட்டாத வரிசை

அந்தப் பசுமைக்குடிலில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவளை மாமியார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அம்மா, முதுகுக்குப் பின்னால் மாமியார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அவளுக்கு ஒரு சுகம். மாமியார் என்று பேர் வாங்கிவிட்டால் கொஞ்சம் சத்தம் போட்டாலும் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள் அல்லவா? வெள்ளரிக்கொடிகளைக் கம்பியில் ஏற்றிக் கட்டுகிற ஏணிக்காரி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாரமே கிடையாது. ஆனால் ஏணிக்காரிக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் போய்க் கதவைத் தட்டுகிறவளும் மாமியார்தான். அங்கே போயும் திட்டிவிட்டுத்தான் வருவாள்.

மகன் போன பிறகு அவள் சத்தம் குறையும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூடித்தான் போனது. அழுவது அவளுக்குச் சரியாக வராது. திட்டுவது நன்றாக வரும். வருவதைத்தானே செய்ய முடியும்.

குடில் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரும்புக் குழாய்களை வளைத்து நிறுத்தி, மேலே பால்நிறத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய நீளமான ஒரு கூடம், அவ்வளவுதான். உள்ளே தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு வெள்ளரிக்கொடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். வாசலுக்குப் பக்கத்தில் நீலநிற பீப்பாய் ஒன்று. அதற்குள் கடற்பாசியும் மீன் கழிவும் சர்க்கரையும் ஊறிக்கொண்டிருக்கும். உள்ளே விட்ட காற்றுக் குழாயால் நாள் முழுக்கக் கொளகொளவென்று சத்தம். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். மகன் மட்டும் மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு, ஆழமாக மூச்சிழுத்து, "இன்னிக்குப் பதம்" என்பான். அவன் அந்தக் கரைசலுக்கு வைத்த பேர் டானிக். சந்தையில் அவனுக்கு வைத்த பேரும் அதுதான்.

"இது சோறும் இல்லம்மா, மருந்தும் இல்ல," என்று அவன் சொல்வான். "தூங்கறவங்களத் தட்டி எழுப்பற மாதிரி. வேர் முழிச்சுக்கும், அப்புறம் அதுவா தேடிச் சாப்பிட்டுக்கும். நம்ம வேலை ஒரு தட்டுத் தட்டறதுதான்."

"உன்னை எழுப்ப நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு தட்டாம்!" என்பாள் அம்மா.

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு குவளை டானிக். வாரம் ஒரு முறை. அதற்கு மேல் ஒரு சொட்டு விடக்கூடாது என்பதில் அவன் கறார். யாராவது ஊற்றிய வரிசைக்கே இன்னொருவர் மறுபடி ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வழி வைத்திருந்தான். டானிக் ஊற்றி முடித்ததும் அந்த வரிசையின் தலைக்கம்பியில் துணி உலர்த்துகிற சிவப்பு கிளிப் ஒன்றை மாட்டிவிட வேண்டும். வார முடிவில் எல்லாக் கிளிப்பும் கழற்றப்பட்டு டப்பாவுக்குள் போய்விடும். கிளிப் மாட்ட மறந்தால் அவனுக்குக் கோபம் வரும். அம்மா குரல் உயர்ந்து பார்த்திருக்கிறார்கள், மகன் குரல் உயர்ந்து பார்த்தது கிளிப்புக்காக மட்டும்தான்.

வெள்ளரிதான் வியாபாரம். ஆனால் குடிலின் கடைசியில், கடைசிக் குழாய் வளைவுக்கும் பின்சுவருக்கும் நடுவே, அவனுடைய சொந்தப் பைத்தியம் ஒன்று இருந்தது. தக்காளி. கல்யாணமான புதிதில் மருமகள் தன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு தக்காளி விதை கொண்டுவந்தாள். தோல் மெல்லியது, சந்தைக்குப் போகும் முன்பே நசுங்கிவிடும், ஆனால் நல்ல ருசி. மாமியார் தன் பங்குக்கு வாசல் தொட்டியில் ஒரு தக்காளி வளர்த்துவந்தாள். புளிப்பு, ஆனால் கல் மாதிரி நிற்கும். எது உசத்தி என்று இருவருக்கும் சமையலறையில் நாள் தவறாமல் பேச்சு. மகன் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவி இரண்டையும் கலந்துவிட்டான். அப்புறம் வருஷா வருஷம் விதைத்து, தேறாததைத் தள்ளி, தேறியதை வைத்து, கடைசியில் ஒரு செடியிலிருந்து ஒரு பழம் எடுத்தான். அதன் விதை முழுவதையும் இந்தத் தடவை விதைத்துவிட்டான். கொஞ்சம் எடுத்து வையேன் என்று மனைவி சொன்னதற்கு, "நம்பிக்கை இல்லாதவன்தான் மிச்சம் வைப்பான்" என்றானாம். பெரிய மனுஷன் பேச்சு! பழைய விதைகளோ, தாய்ச் செடிகளோ இப்போது எதுவும் இல்லை. உலகத்தில் அந்தத் தக்காளி இருந்தது அந்த ஒரு வரிசைப் பைகளில் மட்டும்தான்.

நாற்றைப் பைக்கு மாற்றி, அது ஒரு சாண் உயரம் வந்திருந்த சமயத்தில்தான் அவன் பாசி அள்ளக் கடற்கரைக்குப் போனான். புயல் ஓய்ந்த பிறகு கரையில் பாசி குவிந்து கிடக்கும், போய் மூட்டை கட்டிக்கொண்டு வருவான். அன்றும் கட்டிக்கொண்டான். திரும்பி வருகிற வழியில் மழை, வளைவு, எதிரே ஒரு லாரி. வண்டியை இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டவர்கள் பாசி மூட்டைகளையும் ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மூட்டைகூடக் கிழியவில்லை.

அந்த மூட்டைகளை யாரும் தொடவில்லை. நாற்றம் கிளம்பிய பிறகு மாமியார்தான் பிரித்தாள். பாசியை நல்ல தண்ணீரில் அலசி அலசி உப்பைப் போக்கிய பிறகுதான் பீப்பாயில் போட வேண்டும், அது மகன் வைத்த சட்டம். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, முதல் பிடி பாசியை உள்ளே அமுக்கியபோது அவளுக்குக் கை ஓடவில்லை. அவன் கடைசியாகத் தொட்டது இது. அவன் விரல் பட்ட இடம் இதில் எங்கேயோ இருக்கிறது. அதைப் போய் உரசிக் கழுவுகிறோமே என்று பெற்ற வயிறு எரிந்தது. ஆனாலும் கழுவினாள். உப்போடு போட்டால் செடி கருகிவிடும், அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் தொட்டியைக் காலால் எட்டி உதைத்தாள். ஏணிக்காரி ஓடிவந்து பார்த்தபோது, "வழியில தொட்டியை வெச்சது யாரு?" என்று கத்தினாள்.

அன்று சாயங்காலம்தான் அந்த வார்த்தையும் அவள் வாயிலிருந்து விழுந்தது. கடைசி வரிசைக்குப் பக்கத்தில் மருமகள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். செடிகளையே பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. அதைப் பார்க்க மாமியாருக்குச் சகிக்கவில்லை.

"எதுக்கு நின்னு பாத்துக்கிட்டு இருக்கே? பிடுங்கி எறி. எல்லாத்தையும் பிடுங்கி எறி. இந்தப் பாசிக்குத்தானே போனான்? இந்தச் செடிக்குத்தானே போனான்? என் கண்ணு முன்னாடி இது இருக்கக்கூடாது."

"சரி அத்தை," என்றாள் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மாமியார் படுக்கையிலிருந்து எழுந்ததும் முதலில் ஓடியது அங்கேதான்.  செடிகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூடப் பிடுங்கப்படவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பிவந்த மாதிரி இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவள் பிடுங்கவில்லை, நானும் கேட்கப் போவதில்லை, இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விட்டுவிட்டாள் என்றா சொன்னேன்? எங்கே விட்டாள்! தினமும் காலையில் மருமகள் வெள்ளரிக்காய்ப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் மாமியார் ஏணிக்காரியை ஏதாவது வேலை சொல்லி முன்பக்கம் அனுப்பிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போவாள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அவளுக்குக் குரலே வேறு மாதிரி ஆகிவிடும். இலையைத் தடவிக்கொடுத்து, "என்னடா கண்ணு, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்பாள். இந்த மருமகள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே, பிடுங்காமல் விட்டது வெறும் சோம்பலால்தானோ என்று ஒரு நினைப்பு. நான் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு குவளை டானிக் கலப்பாள். ஒரு கணம் யோசித்து, மகன் பேரைச் சொல்லி இன்னும் ஒரு குவளை. வாரம் ஒரு முறை என்பது அவன் கணக்கு. தாய்க்கு ஏது கணக்கு? கை பரபரத்த நாளிலெல்லாம் ஊற்றினாள். கிளிப் மாட்டவில்லை. மாட்டினால் காட்டிக்கொடுத்துவிடுமே.

பீப்பாயில் டானிக் மட்டம் வேகமாக இறங்கியது. மாமியாருக்கே சந்தேகம். தான் எடுப்பது இவ்வளவு இல்லையே, பீப்பாயின் அடிக்குழாய்தான் ஒழுகுகிறது போலும் என்று குழாய்க் கழுத்தில் டேப் சுற்றினாள். சில நாள் கழித்துப் பார்த்தால் அதன்மேல் வேறு ஒரு டேப் சுற்றியிருந்தது. ஏணிக்காரியின் வேலையாக இருக்கும், பரவாயில்லை, அவளுக்கும் கொஞ்சம் பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சிக்கொண்டாள்.

செடிகள் மளமளவென்று வந்தன. இலை ஒவ்வொன்றும் கை அகலம், கறுப்பு என்று சொல்லும்படியான பச்சை, தண்டு விரல் கனம். மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. என் பிள்ளை எதிலும் சோடை போகமாட்டான் என்று செடியிடமே சொல்லிக்கொண்டாள். இலை நுனிகள் உள்பக்கமாகச் சுருண்டதை வெயில் என்று நினைத்தாள். பூ வந்தது. கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. அந்தச் சந்தோஷத்தில் அன்று மருமகளிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசினாள். மருமகள் முகத்திலும் அன்று ஏதோ ஒரு தெளிவு. ஏன் என்று மாமியார் யோசிக்கவில்லை.

பூ உதிர ஆரம்பித்தது. காலையில் போனால் காம்போடு கீழே கிடக்கும். பொறுக்கிப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். பிஞ்சு பிடிக்காமல் பழம் ஏது, பழம் இல்லாமல் விதை ஏது? இந்தப் பூவெல்லாம் போனால் அவன் அவ்வளவு வருஷம் பாடுபட்டது அத்தோடு சரி. பசிக்கிறது போலிருக்கிறது என்று இன்னும் ஒரு குவளை சேர்த்தாள். பூ இன்னும் உதிர்ந்தது. அவளுடைய பயமெல்லாம் சமையலறையில் மருமகள்மேல் இறங்கியது. "சிலபேருக்கு எதுலயும் ஒட்டு உறவே கிடையாது. போனது போச்சுன்னு இருப்பாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மருமகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

இலை ஓரங்கள் கருகின. பைகளில் நார்த்தூளின் மேலே வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, விரலால் சுரண்டினால் உப்பு மாதிரி உதிர்ந்தது. அன்று காலையில் ஒரு செடி அடியோடு தொங்கிப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு மதியம் படுத்தால் கண் மூடவில்லை. சாப்பிட்டதும் கொஞ்சம் அயர்வது அவளுடைய பல வருஷப் பழக்கம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவளை எழுப்ப மாட்டார்கள். அன்று எழுந்து, குவளையை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் குடிலுக்குப் போனாள்.

கடைசி வரிசையில் பேச்சுக் குரல் கேட்டது. மருமகள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளி. குவளையால் மொண்டு மொண்டு ஒவ்வொரு பையிலும் ஊற்றியபடி, தொங்கிப்போன செடியைக் கயிற்றில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சுக்கோ. கொஞ்சமாவது குடிச்சுக்கோ," என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "அத்தைதான் உன்னைப் பாக்கவே மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு உன்னைக் கண்டாலே ஆகல. நானாவது இருக்கேன்ல?"

மாமியார் வரிசைக்குள் வந்து நின்றாள்.

"என்னடி ஊத்தறே?"

மருமகள் துள்ளி எழுந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தாள்.

"அத்தை... நீங்க பிடுங்கச் சொன்னீங்க. எனக்கு மனசு வரல. உங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கலாம்னு..."

"என்ன ஊத்தறேன்னு கேட்டேன்."

"டானிக்தான்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க பிடுங்கச் சொன்ன மறுநாள்லேர்ந்து. நீங்க தூங்கற நேரமாப் பாத்து." அப்போதுதான் அவள் கண் மாமியாரின் கையில் விழுந்தது. "உங்க கையில என்ன அத்தை?"

மறைப்பதற்கு நேரம் இல்லை. மறைக்கத் தோன்றவும் இல்லை. மாமியார் கையிலிருந்த குவளையை இருவரும் பார்த்தார்கள். அப்புறம் கருகிய இலைகளைப் பார்த்தார்கள். 

"நீங்களுமா?" என்றாள் மருமகள்.  "எவ்வளவு ஊத்துவீங்க?"

"வாளிக்கு ஒரு குவளை. அப்புறம் அவனுக்குன்னு ஒண்ணு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் அவருக்குன்னு ஒண்ணு ஊத்தினேன் அத்தை. பூ உதிர ஆரம்பிச்சப்போ இன்னொண்ணு."

"நானும்தான்."

ஒரு வரிசைச் செடிக்கு இருவரும் சேர்ந்து ஊற்றியதைக் கணக்குப் பார்த்தால் குடில் முழுவதற்கும் போதும். மாமியார் பக்கத்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற கையோடு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதாடி? ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே அடுப்புல சாப்பிடறோம், ஊத்தறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு கிளிப்பு, ஒரே ஒரு கிளிப்பு மாட்டியிருந்தா..."

"நீங்க மாட்டினீங்களா அத்தை?"

தக்காளிச் சண்டையைத் தவிர்த்தால், இத்தனை வருஷத்தில் மருமகள் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். மாமியார் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

வெள்ளரி நாற்றுக் கொடுக்கிற நாற்றுக்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். மகனுக்கு நல்ல சிநேகிதர். வந்து பையைத் தூக்கிப் பார்த்தார், வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"வெறும் தண்ணி ஊத்துங்க. பைக்கு அடியில தெளிவா ஓடற வரைக்கும் ஊத்துங்க. வேற எதையும் கிட்டக் கொண்டுவராதீங்க," என்றார். "வெளியில இருந்தா ஒரு மழையே கழுவி விட்டுடும்மா. இங்கே மேலே கூரை. போட்டது போட்ட இடத்துலயேதான் இருக்கும்."

"பொழைக்குமா?" என்றாள் மாமியார்.

அவர் வரிசையின் நீளத்துக்கு நடந்துபோய்த் திரும்பினார். "இந்தப் பக்கமெல்லாம் வேர் வெந்துபோச்சு. சுவர் ஓரமா இருக்கு பாருங்க, அது மட்டும் தாங்கலாம். அதுல ஒரு பிஞ்சும் நிக்குது."

அவர் சொல்லித்தான் இருவரும் அந்தப் பிஞ்சைப் பார்த்தார்கள். பெரிய இலைக்கு அடியில், சுண்டுவிரல் நுனி அளவு, யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொண்டிருந்தது.

அன்று முழுக்கத் தண்ணீர் சுமந்தார்கள். மருமகள் கொண்டுவந்து கொடுக்க, மாமியார் ஊற்ற, பைகளுக்கு அடியில் காப்பி நிறத்தில் ஓடியது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. நீ உட்காரு என்று மாமியாரும், நீங்க உட்காருங்க என்று மருமகளும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இருவருமே உட்காரவில்லை. நாற்றுக்காரர் சொன்னது பலித்தது. மற்ற செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. சுவர் ஓரத்துச் செடி மட்டும் நின்றது. அதில் அந்த ஒரே காய் நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நல்ல நாட்கள்தான். காலையில் சந்தைக்குப் போகும் முன்பு மருமகள் மாமியாரை அழைத்துக்கொண்டு போய்க் காயைப் பார்ப்பாள். மதியம் மாமியார் தூங்குவதை விட்டாள். செடிக்கு இரண்டு பக்கமும் கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்துகொண்டு பேசுவார்கள். அவனைப் பற்றித்தான், வேறென்ன.

"உங்க சமையல்ல உப்பே இருக்காதுன்னு என்கிட்டச் சொல்லுவார் அத்தை," என்றாள் மருமகள் ஒரு நாள்.

"என்கிட்ட வந்து உன் சமையல்ல உப்பைத் தவிர ஒண்ணும் இல்லம்பான்."

இருவரும் சிரித்தார்கள். திருட்டுப் பயல், இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை வேஷம் போட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டே இருந்தபோது மருமகளின் முகம் கோணிக்கொண்டது. மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவத் தெரியாத கை, அடிக்கிற மாதிரித்தான் பட்டது.

விதையை என்ன செய்வது என்றும் பேசி முடித்துவிட்டார்கள். பாதியை விதைப்பது, பாதியை எடுத்து வைப்பது. நம்பிக்கை இல்லாதவர்கள் என்று அவன் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எடுத்து வைக்கிற பாதியிலும் ஒரு பங்கை நாற்றுக்காரரிடம் கொடுத்து வைப்பது. இந்த வீட்டில் தீப்பிடித்தாலும் அவரிடம் இருக்கும் அல்லவா? இப்படி என்னென்ன ஆபத்து வரலாம் என்று தேடித் தேடி யோசித்தார்கள். காய் வெளுத்தது, மஞ்சளானது, சிவந்தது. பெரிய பழம். மாமியாரின் உள்ளங்கையை நிறைத்தது.

பறித்தது மருமகள். கையில் வாங்கிய மாமியார் அதை இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய பழம் அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. மருமகளிடம் அதைச் சொல்லாமல் பழத்தை உள்ளே எடுத்துப் போனாள்.

சமையலறை மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. விதையை ஊறவைக்கக் கண்ணாடி டம்ளர், அலசி எடுக்க வடிகட்டி, உலர்த்துவதற்குப் பழைய செய்தித்தாள். மருமகள் தட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஒரு விதைகூட வீணாகிவிடக் கூடாது என்று மாமியார் கத்தியைத் தானே வாங்கிக்கொண்டாள். தோலை மட்டும் கீறி, மெதுவாக, இரண்டாகப் பிரித்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

சதைக்கும் நடுவுக்கும் இடையே வெறும் பொந்து. அறை அறையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் காலி. கொழகொழவென்று வழிய வேண்டிய சாறும் இல்லை, விதையும் இல்லை.

"அந்தப் பக்கம் பாரு," என்றாள் மாமியார்.

மருமகள் அடுத்த பாதியைத் திருப்பிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் துழாவினாள்.

"நல்லாப் பாருடி. ஓரத்துல ஒட்டியிருக்கும்."

மாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பழத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இன்னும் இரண்டாக, இன்னும் இரண்டாக வெட்டினாள். நடுத்தண்டில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக இரண்டு மூன்று கிடந்தன. கத்தி நுனியால் எடுத்து விரலில் வைத்தாள். தோல் மட்டும்தான், உள்ளே பருப்பு இல்லை.

"இதை நட்டுப் பாக்கலாமாடி?"

"பொக்கு அத்தை," என்றாள் மருமகள். "இது முளைக்காது. போஷாக்கு ரொம்பப் போனா இப்படித்தான் ஊதிப்போகும்னு அவர் சொல்லியிருக்கார்." சொல்லிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தட்டு நிறையச் சிவப்புத் துண்டுகள், நன்றாகப் பழுத்தவை, பார்க்க அவ்வளவு அழகு. அவன் இதற்காக எத்தனை வருஷம் குனிந்து குனிந்து பார்த்தான். இதன் ருசி எப்படி இருக்கும் என்பதுகூட இந்த வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் தெரியாது.

மாமியார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை, புளிப்பு இல்லை, இனிப்பு இல்லை, ஈரப் பஞ்சை மெல்வதுபோல இருந்தது. மருமகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "நல்லா இருக்கு," என்றாள் மாமியார். "நீயும் சாப்பிடு. அவன் கை பட்டதுல்ல? நல்லா இருக்கு."

மருமகள் ஒரு துண்டை எடுத்தாள். மென்று விழுங்கினாள்.

"இல்ல அத்தை," என்றாள். "நல்லா இல்ல. ருசியே இல்ல."

மாமியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பிள்ளை உண்டாக்கியதை ருசியில்லை என்கிறாளே என்று வாயைத் திறந்தாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் ஒளித்து ஒளித்துத்தான் இந்தத் தட்டு இப்படிக் கிடக்கிறது, இனியும் என்ன ஒளிப்பது?

"ஆமாண்டி," என்றாள். "ஒண்ணுமே இல்லடி இதுல." அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அவன் இல்லடி. என் புள்ள இல்லடி."

மருமகள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாமியார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "இல்லடி, இல்லடி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மருமகள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தாள்.  "ஆமா அத்தை," என்றாள். "இல்லதான் அத்தை."